காற்றுக்கும் கட்டணம்

மார்ச் 4

இன்று ஒரு கதவுக்குக் கைப்பிடி வந்தது. பித்தளை. மிளகு அளவு இருக்கும். அதற்குக் கீழே சாவித் துவாரம்கூட உண்டாம். பூதக்கண்ணாடி வைத்திருப்பவர்கள் சொன்னார்கள். அதாவது என் மனைவி சொன்னாள். இரண்டு கடல் தாண்டி வந்திருக்கிறது. கைப்பிடியின் விலையைக் கேட்டால் சிரிப்பு வரும். அதை அனுப்பிய செலவைக் கேட்டால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும்.

பொம்மை அளவில் வீடு கட்டுவது அவள் பொழுதுபோக்கு. நிஜத்தில் ஒரு அடி என்றால் அதில் ஒரு அங்குலம். முக்கால்வாசியை அவளே செய்கிறாள். கைப்பிடி, கீல், விளக்குக் குடுவை போன்ற நுணுக்கங்கள் மட்டும் வெளிநாட்டிலிருந்து வரும். அங்கேதான் சிக்கல். வெளிநாட்டுப் பார்சல்காரர்களுக்கு அரைக் கிலோவுக்குக் கீழே எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. மிளகுக்கும் அரைக் கிலோ கட்டணம், அரைக் கிலோ ஆணிக்கும் அதே கட்டணம். ஆகவே மிச்ச எடைக்கும் ஏதாவது வாங்கிப் போட்டால்தான் லாபம் என்பது அவள் கட்சி.

அந்த லாபத்தில் வளர்ந்த வீடு இது. ஆறு வருடத்துக்கு முன்பு ஒற்றை அறை. விளக்கு வாங்கியபோது மிச்ச எடைக்குத் தரைப்பலகை வாங்கினாள். பலகை மிஞ்சியது, இன்னொரு அறை. அந்த அறைக்கு ஜன்னல், ஜன்னலோடு கூரை ஓடு, ஓடு கூடிப்போனதால் ஒரு மாடி. இப்போது நான்கு மாடி. பேரரசுகளும் இப்படித்தான் வளர்ந்தன என்று படித்திருக்கிறேன். அவற்றில் எதிலும் தச்சு வேலை இவ்வளவு சுத்தமாக இருந்ததாகத் தகவல் இல்லை.

வீடு எங்கள் சாப்பாட்டு மேசை மேல் நிற்கிறது. நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம்.

மார்ச் 7

குளியலறைக் குழாய் சொட்டுகிறது. பெரிய வீட்டுக் குளியலறை. சின்ன வீட்டில் அப்படி ஒரு குறையும் கிடையாது.

மார்ச் 15

மச்சினன் வந்திருக்கிறான். வெளிநாட்டில் வேலை, வருடத்துக்கு ஒருமுறை வருவான். வாசலில் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டே இவள் கண் அவன் பெட்டி மேல் போனதை நான் பார்த்தேன். அவனும் பார்த்தான்.

"அக்கா, ஒரு சந்தேகம். நீ என்னை வரச் சொல்றியா, என் பெட்டியை வரச் சொல்றியா?"

"ரெண்டு பேரும் வாங்கடா."

உலகத்திலுள்ள எந்த விமானத்தில் எத்தனை கிலோ அனுமதி என்று அவளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அவன் சட்டைகளை அங்கேயே விட்டுவிட்டு வரும்படி சொன்னதாகக் கேள்வி. வந்த பெட்டியில் பன்னிரண்டு ஜன்னல், ஒரு பீங்கான் கழிப்பறை, அவனுக்கு இரண்டு சட்டை.

"விமான நிலையத்துல ஸ்கேன்ல டாய்லெட் தெரிஞ்சுது மாமா. ஆபீசர் என்னைப் பாக்குறாரு, நான் ஆபீசரைப் பாக்குறேன். யாருக்குன்னு கேட்டாரு. எங்க அக்காவுக்குன்னேன். அதுக்கப்புறம் அவரு ஒண்ணும் கேக்கல."

"கேக்க என்ன இருக்கு?" என்றாள் இவள், கழிப்பறை மூடியைத் திறந்து மூடிப் பார்த்தபடி.

"ஊர் உலகத்துல மாமாக்கள்தான் சின்ன வீடு வச்சிருப்பாங்க. இந்த வீட்ல மட்டும் அக்கா."

அந்தப் பெருமை எனக்கும் உண்டு என்று சொன்னேன்.

மார்ச் 21

இவளைப் போலவே ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரே பார்சலாக வரவழைக்கிறார்கள். இன்று போனில் பஞ்சாயத்து. செலவைத் தலைக்குத் தலை பிரிப்பதா, எடைக்கு எடையா, விலைக்கு விலையா. ஒரு டீச்சர், தன் விளக்குக் குடுவைகளுக்கு எடையே கிடையாது, தான் எதற்குத் தரவேண்டும் என்று பிடிவாதம்.

இவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "எடையே இல்லேன்னா பார்சல்ல எதுக்கு வரணும் டீச்சர்? அவங்க ஊர் ஜன்னல்ல நின்னு ஊதி விடச் சொல்லுங்க, வந்துரும்."

டீச்சர் பங்கைக் கொடுத்துவிட்டார். நாடுகளுக்கிடையே தண்ணீர் பங்கீடு பேசுபவர்கள் இவளிடம் ஒரு வாரம் வந்து தங்கலாம்.

மார்ச் 28

இன்று நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

கடல் கடந்த ஒரு நகரத்தில் பொம்மை அளவு வீடுகளுக்கென்றே பெரிய கண்காட்சி நடக்கிறது. ஜனவரியில் மகள் அம்மாவுக்குத் தெரியாமல் படங்கள் அனுப்பியிருக்கிறாள். தேர்வாகிவிட்டது என்று பதில். மே பதினெட்டுக்குள் வீடு அங்கே இருக்க வேண்டும். கொண்டு சேர்க்கும் செலவு பங்கேற்பவருடையது.

மகள் மெயிலைப் படித்துக் காட்டினாள். இவள் கையைத் துடைத்துக்கொண்டு, மகளிடமிருந்து போனை வாங்கி, தானே ஒருமுறை படித்தாள். பிறகு ஏற்கனவே கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவினாள்.

அவள் வேலை பல் கட்டுவது. டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். லேபில் உட்கார்ந்து மெழுகிலும் பீங்கானிலும் இவள் பல் செய்து கொடுப்பாள். இந்த ஊரில் பாதிப் பேர் இவள் கைவேலையால்தான் மென்று கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அது தெரியாது. தெரியவும் கூடாது. நன்றாகக் கட்டிய பல் என்றால் கட்டிய பல் என்றே யாரும் கண்டுபிடிக்கக் கூடாது. இருபது வருடமாக, யாரும் திரும்பிப் பார்க்காதபடி வேலை செய்வதில் தேர்ந்தவள். இப்போது யாரோ திரும்பிப் பார்த்துவிட்டார்கள்.

இந்த வீடு போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

ஏப்ரல் 2

கூரியர் ஆபீஸ். வீட்டை வாடகை வேனில் ஏற்றி, இரண்டு பக்கமும் நானும் மகளும் பிடித்துக்கொண்டு போனோம். கவுன்ட்டரில் கழுத்தில் கண்ணாடி தொங்கவிட்ட ஒரு பெண். தராசில் வைத்தாள். நாடாவால் நீளம், அகலம், உயரம் அளந்தாள். கணினியைத் தட்டினாள்.

"அசல் எடை ஆறு கிலோ மேடம். பில் எடை அம்பது."

"நடுவுல நாப்பத்திநாலு கிலோ என்னம்மா?" என்றாள் இவள்.

"காத்து மேடம்."

"காத்து இங்கயும் இருக்கு, அங்கயும் இருக்கு. அதை எதுக்கு அனுப்பணும்?"

"உங்க வீடு உள்ள காலியா இருக்குல்ல மேடம். அந்த எடத்துல நாங்க இன்னும் நாலு பேரோட பார்சலை வைக்கலாமே. அதை அடைச்சுக்கிட்டுப் போறீங்கல்ல, அதுக்குத்தான்."

தொகையைச் சொன்னாள். அந்தத் தொகைக்கு நாங்கள் மூன்று பேரும் விமானத்தில் போய், கண்காட்சியில் நின்று, வீடு எப்படி இருக்கும் என்று வாயால் வர்ணித்துவிட்டுத் திரும்பலாம்.

"அம்மா, நீ வீட்டுக்குள்ள உக்காந்துக்கோ. டிக்கெட்டாவது மிச்சம்" என்றாள் மகள்.

வேனில் திரும்பும்போது நான் அந்தக் கம்பெனியைத் திட்டிக்கொண்டே வந்தேன். இவள் யோசனையாக இருந்தாள். கடைசியில் சொன்னாள்: "அந்தப் பொண்ணு சொல்றது நியாயம்தாங்க. எடத்தை அடைக்கறோம்ல."

இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் இவளுடைய இந்த ஒரு குணத்துக்கு மட்டும் நான் பழகவே இல்லை. அடித்தவன் பக்கம் நியாயம் இருந்தால், வலியோடு வலியாக அதையும் ஒப்புக்கொள்வாள்.

ஏப்ரல் 4

மச்சினனைக் கேட்டோம். அடுத்த பயணம் அடுத்த வருடம்தான். வந்தாலும் வீடு அவன் பெட்டிக்குள் அடங்காது.

ஏப்ரல் 5

குளியலறையைச் சரி செய்ய வைத்திருந்த பணத்தையும் என் சேமநிதியில் கொஞ்சத்தையும் எடுக்கலாம் என்றேன். நான் இப்படியெல்லாம் பேசுபவன் இல்லை. சொல்லி முடித்ததும் எனக்கே யாரோ பேசியது போலிருந்தது.

இவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நல்ல மனசுங்க உங்களுக்கு. ஆனா வேணாம். காத்துக்குக் காசு குடுக்கவா நான் இத்தனை பல்லு கட்டினேன்?"

அப்போ போக வேண்டாமா? கேட்கவில்லை. கேட்கும் தைரியம் வரவில்லை.

ஏப்ரல் 6

ரம்பச் சத்தம். பல் லேபில் உலோகம் அறுக்கும் விரல் நீள ரம்பம். போய்ப் பார்த்தால் — வீட்டை அறுக்கிறாள். மூன்றாவது மாடி தனியே கிடக்கிறது. ஆறு வருஷ உழைப்பு. கோபமா? கோபம்னா இப்படி நேர்க்கோட்டுல அறுக்க வருமா?

"என்ன பண்றே?"

"உள்ள இருக்கற காத்தை வெளிய எடுக்கறேங்க. கொஞ்சம் அந்தப் பக்கம் புடிங்க."

பிடித்தேன்.

ஏப்ரல் 14

இப்போது விளங்குகிறது. வீடு மடிகிறது.

சுவர்களை மூட்டு மூட்டாக அறுத்து, பல்லுக்குப் போடும் கம்பியால் கண்ணுக்குத் தெரியாத கீல் போட்டிருக்கிறாள். கூரையைக் கவிழ்த்தால் தட்டு. அந்தத் தட்டில் தரைகள் அடுக்காகப் படுக்கும். சோபாவின் வயிற்றைக் குடைந்து நாற்காலிகளை உள்ளே வைத்தாள். நாற்காலிக் கால்களுக்கு நடுவே விளக்குகள். சமையலறை அலமாரிக்குள் குளியல் தொட்டி, தொட்டிக்குள் கழிப்பறை, கழிப்பறைக்குள் எழுத்து மேசையின் இழுப்பறைகள். எங்கெல்லாம் வெறுமை இருந்ததோ அங்கெல்லாம் இன்னொரு பொருளைக் குடி வைத்திருக்கிறாள். நகரங்களை நிர்மாணித்தவர்களைப் பற்றித் தடித்தடியான புத்தகங்கள் படித்திருக்கிறேன். அவர்களில் ஒருவருக்காவது கழிப்பறைக்குள் என்ன வைக்கலாம் என்ற கேள்வி எழுந்ததாக நினைவில்லை.

இன்று மாலை கேட்டாள்: "மாத்திரை டப்பாவுக்குள்ள வர்ற தாளை எப்படிங்க அவ்வளவு சின்னதா மடிக்கறீங்க?"

என் வேலை அதுதான். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் இருப்பதை எழுதுவது. அரிதாகத் தலைசுற்றல் ஏற்படலாம், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும், அந்த இலக்கியமெல்லாம் நான்தான். இதுவரை ஒருவரும் படித்ததில்லை. மடிப்பைப் பற்றியும் ஒருவரும் கேட்டதில்லை. முதலில் நெடுக்கே விசிறி மடிப்பு, பிறகு குறுக்கே சுருட்டு மடிப்பு என்று செய்து காட்டினேன். மூன்று முறை செய்யச் சொல்லிப் பார்த்தாள். பிறகு முன்பக்கச் சுவரை அதே மாதிரி மடித்தாள்.

அந்தச் சுவரைப் போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் கேட்டாள், "என்னப்பா, உன் சொத்தா?" ஆமாம் என்றேன்.

ஏப்ரல் 25

பிரித்து நிறுத்தும் முறையை நான் எழுதிக் கொடுத்தேன். ஒரே தாள், இருபுறமும். 'படிக்கட்டை முதலில் வெளியே எடுக்கவும். கூரையை வலுக்கட்டாயமாகத் திறக்க வேண்டாம். சுவர் நிற்க மறுத்தால், இடப்பக்கக் கீலைச் சரிபார்க்கவும்.' மகள் ஆங்கிலத்தில் மாற்றினாள். என் வாழ்நாளில் ஒருவர் கட்டாயம் படித்தே தீர வேண்டிய தாள் இது ஒன்றுதான். எழுத்துரு விஷயத்தில் கொஞ்சம் செலவு செய்தேன்.

ஏப்ரல் 30

கூரியர் ஆபீஸ். ஒரு சூட்கேஸ் அளவுப் பெட்டி. கண்ணாடி தொங்கும் பெண் தராசைப் பார்த்தாள், நாடாவைப் பார்த்தாள், கணினியைப் பார்த்தாள். பிறகு முதலிலிருந்து மறுபடி அளந்தாள். அசல் எடை ஆறு கிலோவுக்கு ஒரு மயிரிழை குறைவு. பில் எடையும் அதே.

"காத்து எங்க மேடம் போச்சு?"

"வீட்லயே வச்சிட்டு வந்துட்டேன்."

அவள் கவுன்ட்டரை விட்டு வெளியே வந்து பெட்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். அந்தக் கட்டணத்தை எங்களால் தாராளமாகக் கட்ட முடிந்தது. இந்தக் கூரை ஓடுகள் இங்கே வந்து சேர ஆனதைவிடக் குறைவு என்று இவள் வழியில் கணக்குப் பார்த்துச் சொன்னாள்.

மே 1

சாப்பாட்டு மேசை காலி. மூவரும் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஒருவருக்கொருவர் ரொம்பத் தூரத்தில் இருப்பது போல் தெரிந்தது.

மே 8

பார்சல் எங்கே இருக்கிறது என்பதை மகள் தினமும் போனில் பார்த்துச் சொல்கிறாள். கிளம்பியது, இறங்கியது, ஏறியது. இன்று: 'சுங்கச் சோதனைக்காகத் திறக்கப்பட்டது.'

இவள் முகம் மாறியது. "தொறந்தா மூடணுமே" என்றாள்.

மே 9

"அதான் தாள் இருக்கே" என்று தேற்றினேன். வரைபடம், அம்புக்குறி எல்லாம் போட்டிருக்கிறேன். குழந்தைகூட —

இவள் லேபுக்குக் கொண்டுபோகும் பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறையிலிருந்து என் தாளை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

"இதைச் சேத்தா ஆறு கிலோவைத் தாண்டிருச்சுங்க. அடுத்த அரைக் கிலோ கட்டணம் ஆகும். பதினோரு கிராம்."

"பதினோரு கிராமா."

"கண்காட்சிக்காரங்களுக்கு மெயில்ல அனுப்பிட்டோம்ல, அதான் போதும்னு நெனச்சேன். நடுவுல ஒருத்தர் தொறப்பாருன்னு யோசிக்கல."

உலகத்தில் வேறு யார் இந்தத் தப்பைச் செய்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். ஒருவரும் தேறவில்லை. கோபப்பட நினைத்தேன், அதற்குள் மரியாதை வந்து குறுக்கே உட்கார்ந்துகொண்டது. ஆனாலும் எழுத்துரு நல்ல எழுத்துரு.

மே 10

அந்த நாட்டுச் சுங்கத்திலிருந்து மகளுக்கு மெயில். பணிவான மொழி. சோதனை முடிந்தது, ஆட்சேபம் எதுவும் இல்லை. ஆனால் திரும்ப மூட முடியவில்லை. வந்த பெட்டியிலேயே அடங்கினால்தான் மேலே அனுப்ப முடியும். அடங்காவிட்டால் பெரிய பெட்டி, புதிய அளவு, புதிய கட்டணம். இல்லையென்றால் திருப்பி அனுப்பப்படும்.

புதிய அளவு என்றால் மறுபடி அதே ஐம்பது கிலோ. திருப்பி அனுப்பினால் மே பதினெட்டு கிடையாது.

மகள் என் தாளைப் படம் எடுத்து அனுப்பினாள். மாலையில் பதில் வந்தது. தாள் மிகவும் தெளிவாக இருக்கிறதாம், நன்றியாம். ஆனால் அது திறப்பதற்கான தாள். மூடுவதற்கு ஒன்று இருந்தால் அனுப்ப முடியுமா?

அதையே திரும்பத் திரும்பப் படித்தேன். சரிதான். மாத்திரையை எப்படி வெளியே எடுப்பது என்று ஆயுள் முழுக்க எழுதியவனுக்கு, திரும்ப உள்ளே வைப்பது எப்படி என்று எழுத வேண்டும் என ஏன் தோன்றப் போகிறது? தாளைத் தலைகீழாகப் படித்தால் போதும் என்று மகள் எழுதிப் பார்த்தாள். அவர்கள் அதையும் செய்து பார்த்துவிட்டார்களாம். மூடி நிற்காமல் எழும்புகிறதாம்.

நாளை மறுநாள் காலையில் வீடியோவில் பேசலாம் என்று மெயில் அனுப்பிய அதிகாரி ஒத்துக்கொண்டிருக்கிறார். அது அவருடைய சாப்பாட்டு இடைவேளை.

மே 12

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

போனைத் தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்து வைத்தோம். திரையில் முகம் தெரியவில்லை, கைகள்தான் தெரிந்தன. பெரிய கைகள். ஒவ்வொரு விரலும் எங்கள் படிக்கட்டு அகலம். மேசை மேல் நான்கு மாடியும் நிமிர்ந்து நிற்கிறது. அவர் பின்னால் இன்னும் நாலைந்து சீருடைகள். ஒருவர் உள்ளங்கையில் கழிப்பறையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவள் தமிழில் சொல்ல, மகள் ஆங்கிலத்தில் சொல்ல, அவர் செய்தார். முதல் பத்து நிமிடம் வெறும் இடது வலது சண்டை.

"அம்மா, உன் இடதா, அவரு இடதா?"

"வீட்டோட இடதுடீ."

"வீட்டுக்கு ஏதும்மா இடது?"

"வாசல்ல நின்னு தெருவைப் பாரு. அது."

மகள் இதை எப்படி மொழிபெயர்த்தாளோ, அந்தப் பெரிய மனிதர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு வீட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, தோளுக்கு மேலே கை நீட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் தவறவே இல்லை.

எல்லாம் உள்ளே போயிற்று. மூடியை அழுத்தினார். நிற்கவில்லை. ஒரு ஓரம் எழும்பியே நின்றது. எடுத்து மறுபடி அடுக்கினார், மறுபடியும். பின்னாலிருந்தவர்களில் ஒருவர் கடிகாரத்தைக் காட்டினார். அவர் கைகளை மேசையில் வைத்துவிட்டு ஏதோ சொன்னார்.

மகள் மெதுவாகச் சொன்னாள், "மன்னிச்சுக்கோங்கன்றார்ம்மா. பெரிய பெட்டிதான் போடணுமாம்."

நான் இவளைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். முடியவில்லை. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், நெற்றியைச் சுருக்கி. பல் அச்சைப் பார்க்கும்போது அப்படித்தான் சுருக்குவாள்.

"கடி பொருந்தல" என்றாள்.

"என்னம்மா?"

"புதுப் பல்லு வச்சா சில பேருக்கு வாய் மூடாது. எங்கயோ ஒரு எடத்துல நூலளவு தூக்கிட்டு இருக்கும். கண்ணால பாத்தா தெரியாது. டாக்டர் கலர் தாளைக் கடிக்கச் சொல்வாரு. எங்க கறை படியுதோ அங்கதான் கோளாறு. அவருகிட்ட கார்பன் தாள் இருக்கான்னு கேளு."

சுங்க அலுவலகத்தில் கார்பன் தாள் இல்லாமலா? ஒருவர் ஒரு கட்டே கொண்டுவந்தார். கறை படியும் பக்கம் கீழே இருக்கும்படி சாமான்கள் மேல் பரப்பி, மூடியை வைத்து அழுத்தச் சொன்னாள். எடுத்தபோது படிக்கட்டின் கைப்பிடிச் சுவரில் நீலக் கோடு. ஒரே ஒரு கோடு.

"படிக்கட்டு தலைகீழா இருக்கு" என்றாள்.

அவர் திருப்பிப் போட்டார். மூடியை வைத்தார். அழுத்தக்கூட இல்லை. தானே இறங்கி உட்கார்ந்தது.

அந்தப் பக்கம் யாரோ கை தட்டினார்கள். பெரிய கைக்காரர் குனிந்து முதல்முறையாகத் திரைக்குள் முகம் காட்டினார். நரைத்த மீசை. என்னவோ கேட்டார். மகள் சிரித்துவிட்டாள்.

"நீங்க என்ஜினியரான்னு கேக்கறாரும்மா."

"பல்லு கட்டறவள்னு சொல்லு."

அவர் வாயைத் திறந்து, ஒரு கடைவாய்ப் பல்லைச் சுட்டிக் காட்டினார். கட்டிய பல். இவள் திரைக்கு அருகே போய்ப் பார்த்துவிட்டு, "நல்ல வேலை. யாரு பண்ணாங்களோ, கை சுத்தம்" என்றாள்.

மே 13

'சோதனை முடிந்து புறப்பட்டது.'

மே 17

சேர்ந்துவிட்டது. ஒரு நாள் முன்னதாக.

மே 26

கண்காட்சிக்காரர்களிடமிருந்து ஒரு விசித்திரமான வேண்டுகோள். வீடு நிற்கிறது, பார்க்கிறார்கள், சரி. ஆனால் பக்கத்தில் வைத்திருக்கும் பெட்டியைக் காட்டி, இதற்குள்ளா வந்தது என்று எல்லோரும் கேட்கிறார்களாம். ஒருவரும் நம்புவதில்லையாம். நிபுணர்கள் இரண்டு பேர் மூடிப் பார்த்துத் தோற்றுவிட்டார்கள். மூடிக் காட்ட யாராவது கிடைப்பார்களா?

இவள் யோசித்துவிட்டு எழுதச் சொன்னாள்: உங்கள் நாட்டில் அது தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், சுங்க அலுவலகத்தில் கேளுங்கள்.

ஜூன் 2

வீடியோ வந்தது. பெரிய கைக்காரர், சீருடை இல்லாமல், இஸ்திரி போட்ட சட்டையில். விடுமுறை நாளில் குடும்பத்தோடு வந்திருக்கிறார். சுற்றிலும் கூட்டம். ஒவ்வொரு சாமானாக உள்ளே வைக்கிறார். கழிப்பறைக்குள் இழுப்பறை போனபோது ஒரு சலசலப்பு. மூடி இறங்கியதும் அரங்கமே அமைதியாகி, பிறகு கை தட்டியது. அவர் கை தட்டலை ஏற்றுக்கொள்ளவில்லை. பெயர்ப் பலகையை எடுத்து உயர்த்திப் பிடித்து, இவள் பெயரைச் சத்தமாகப் படித்தார். உச்சரிப்பு படுமோசம். மூன்று தரம் படித்தார், ஒவ்வொரு தரமும் கொஞ்சம் மேலாக. கூட்டம் அதைத் திருப்பிச் சொன்னது.

இவள் சத்தம் வைத்து ஒருமுறை பார்த்தாள். பிறகு சத்தத்தை அணைத்துவிட்டு, அவர் கையை மட்டும் கவனித்து இன்னொரு முறை பார்த்தாள்.

"சோபாவை இன்னும் கொஞ்சம் தள்ளி வைக்கணும்" என்றாள். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாள்.

லேபுக்கு அச்சு அனுப்பும் டாக்டர்களுக்கெல்லாம் மகள் அந்த வீடியோவை அனுப்பிவிட்டாள். அம்மாவிடம் கேட்கவில்லை. நானும் தடுக்கவில்லை.

ஜூன் 11

வீட்டை அடுத்த நகரத்துக்குக் கொண்டுபோய் இன்னும் ஒரு மாதம் வைக்க விரும்புகிறார்கள். பிறகு வேறொரு நாடு. அனுப்பும் செலவு முழுக்க அவர்களுடையது, நாங்கள் எதுவும் தர வேண்டாம்.

இவள் பதில் எழுதச் சொன்னாள்: மகிழ்ச்சி, கொண்டுபோங்கள். ஆனால் கூரியர்காரர்கள் எவ்வளவு கேட்கிறார்கள்?

தொகை வந்தது. பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"அதிகம்."

"அவங்கதானேம்மா குடுக்கறாங்க?" என்றாள் மகள்.

"யார் குடுத்தா என்ன, வீணாத்தானே போகுது." தாளும் பென்சிலும் எடுத்து உட்கார்ந்தாள். புகைபோக்கியை இரண்டாக அறுத்தால் பெட்டியில் இரண்டு விரல் உயரம் குறையுமாம். வீடு அங்கே இருக்கிறதே, யார் அறுப்பது என்று கேட்டேன். சனிக்கிழமை பெரிய கைக்காரருக்குச் சொல்லித் தரப்போகிறாளாம். அவரிடம் ஏற்கனவே பேசியாயிற்று.

"அவர்கிட்ட அந்தச் சின்ன ரம்பம் ஏது?"

"நேத்தே வாங்கிட்டாருங்க."